எண்ணும் மனமும்: உளவியல் ஆய்வுமுறையிலும் அளவீட்டிலும் சில அடிப்படைப் பிரச்சினைகள்

ஒரு பிள்ளையின் நுண்மதி ஈவு 85 என்று ஓர் அறிக்கை கூறுகின்றது. ஒரு மாணவனின் இசட் புள்ளி 1.62 என்று பெறுபேற்றுத் தாளொன்று கூறுகின்றது. ஒரு கிராமத்தில் வாழும் வயதுவந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளனர் என்று ஓர் ஆய்வு கூறுகின்றது. இவை உதாரணத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களேயாயினும், இவை போன்றவற்றை நாள்தோறும் எதிர்கொள்கிறோம். அப்பிள்ளை எந்த வகுப்பில் அமர வேண்டும், அம்மாணவன் மருத்துவ பீடத்தினுள் நுழைவானா, அக்கிராமத்துக்கு எத்தகைய உதவி செல்ல வேண்டும் என்பனவெல்லாம் இவ்வெண்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. ஆயினும் உடலின் வெப்பநிலையை ஏற்றுக்கொள்வது போலவே இவற்றையும் நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். அல்லது, மனத்தை எவராலும் அளக்க முடியாதென்று கூறி முற்றாக ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரு மனப்பாங்குகளும் தவறானவை என்பதே எமது கருத்து. உளவியலில் ஓர் எண் என்பது ஒரு கூற்றாகும். அது எவ்வாறு பெறப்பட்டது என்பதை ஆராய்ந்த பின்னரே அதனை மனிதர்மீது பிரயோகிக்கும் உரிமை பிறக்கின்றது. அவ்வாறு ஆராய்வதற்குத் தேவையான அடிப்படைக் கருத்துகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளத்தல் இயலுமா?

உளவியல் ஒருபோதும் உண்மையான இயற்கை விஞ்ஞானமாகாது என்று ஜேர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1786 ஆம் ஆண்டில் வாதிட்டார். அக நிகழ்ச்சிகளுக்குக் கணிதத்தைப் பிரயோகிக்க முடியாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இவ்வாதத்துக்கு அடுத்த நூற்றாண்டில் கிடைத்த விடை தத்துவத்துறையிலிருந்து வரவில்லை. உடற்றொழிலியல் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஏர்ன்ஸ்ட் வெபர் என்பார் இரு நிறைகளைத் தூக்கிப் பார்த்து அவற்றிடையே வேறுபாடு உண்டா எனக் கூறுமாறு மனிதரைக் கேட்டார். நாற்பது அலகு நிறைக்கும் நாற்பத்தொரு அலகு நிறைக்குமிடையே வேறுபாட்டை உணரும் ஒருவர், எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்குமிடையே அதனை உணர்வதில்லை; எண்பத்திரண்டு தேவைப்படுகின்றது. உணரத்தக்க மிகச் சிறிய வேறுபாடு ஒரு நிலையான தொகையாக அமையாது, தொடக்க நிறையின் ஏறத்தாழ நிலையான ஒரு பின்னமாக அமைவதை அவர் கண்டார். இதனை விரிவுபடுத்திய குஸ்தாவ் பெக்னர், தூண்டலுக்கும் உணர்வுக்குமிடையிலான தொடர்பைக் கணிதச் சமன்பாடாக 1860 இல் வெளியிட்டார். 1879 இல் வில்ஹெல்ம் வூண்ட் இலீப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுகூடத்தை நிறுவியபோது, மனத்தைப் பற்றிய சில வினாக்களையாவது பரிசோதனையால் ஆராயலாம் என்பது நிலைநாட்டப்பட்டிருந்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வெபர் மனத்தை நேரடியாக அளக்கவில்லை. ஒரு குறித்த நிலைமையில் மனிதர் அளித்த விடைகளையே அவர் அளந்தார். விடையிலிருந்து உணர்வுக்குச் செல்வது ஓர் அனுமானமாகும். நிறையைத் தூக்கிப் பார்ப்பதில் இவ்வனுமானம் மிகக் குறுகியது. நுண்மதி, மனப்பாங்கு, மனச்சோர்வு என்று செல்லச் செல்ல அது நீண்டுகொண்டே போகின்றது. நீளும் ஒவ்வொரு படியிலும் தவறு புகுவதற்கு இடமுண்டு. ஆய்வுமுறை என நாம் கூறுவது அத்தவறுகளைக் கண்டுபிடிப்பதற்கான ஒழுங்கையேயாகும்.

2. அவதானம், தொடர்பு, பரிசோதனை

உளவியல் ஆய்வுகளைப் பொதுவாக மூன்று வகைப்படுத்தலாம். முதலாவது அவதானம். விளையாட்டு முற்றத்தில் சிறுவர்களின் நடத்தையைப் பதிவுசெய்தல், ஒரு தனிமனிதரின் வரலாற்றை விரிவாக ஆராய்தல் என்பன இதன்பாற்படும். என்ன நிகழ்கின்றது என்பதை இது கூறும். ஏன் நிகழ்கின்றது என்பதை இதனால் உறுதிப்படுத்த இயலாது.

இரண்டாவது தொடர்பாய்வு. இரண்டு மாறிகள் சேர்ந்து கூடிக் குறைகின்றனவா என்பதை இது காட்டும். பிரான்சிஸ் கால்ட்டன் 1888 இல் முன்வைத்து, கார்ல் பியர்சன் கணித வடிவம் கொடுத்த தொடர்புக் குணகம் -1 இலிருந்து +1 வரை செல்லும். பூச்சியம் எனின் அவற்றிடையே நேர்கோட்டுத் தொடர்பில்லை. இம்முறையிலுள்ள அபாயத்தை எமது அனுபவத்திலிருந்தே விளக்கலாம். தனியார் கல்வி நிலையங்களுக்குச் செல்லும் மாணவர் கூடிய புள்ளிகளைப் பெறுகின்றனர் என ஓர் ஆய்வு கண்டால், புள்ளி உயர்வுக்கு அந்நிலையங்களே காரணமென்று கூறலாமா? அங்கு பணம் செலுத்தக்கூடிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு வீட்டிலே படிப்பதற்கு மேசையும் விளக்கும் உண்டு. ஓய்வும் போசாக்கும் உண்டு. பெற்றோரின் வருமானமாகிய மூன்றாவது மாறி ஏனைய இரண்டையும் ஒருங்கே உயர்த்தியிருக்கக்கூடும். மேலும், படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகளே அங்கு அனுப்பப்படுகின்றனர் என்றும் கொள்ளலாம். எண் ஒன்றே, விளக்கங்கள் பல.

இவ்விளக்கங்களுள் எது பொருத்தமானது எனத் தீர்மானிப்பதற்கு உருவானதே மூன்றாவது முறையாகிய பரிசோதனை. ஆய்வாளர் சாரா மாறியைத் தாமே மாற்றுகிறார். சார்ந்த மாறியில் ஏற்படும் மாற்றத்தை அளக்கிறார். பங்குபற்றுவோர் எழுமாற்று முறையில், அதாவது சீட்டுக் குலுக்குவது போன்று, பரிசோதனைக் குழுவுக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் ஒதுக்கப்படுகின்றனர். இவ்வாறு செய்யும்போது வருமானம், ஆர்வம், உடல்நலம் என நாம் அறிந்த வேறுபாடுகள் மட்டுமன்றி, நாம் நினைத்தே பாராத வேறுபாடுகளும் தற்செயலாக இரு குழுக்களிடையேயும் பரவிவிடும். ரொனால்ட் பிஷர் 1935 இல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூலின் பின்னர் இக்கருத்து பல துறைகளிலும் வேரூன்றியது. ஆயின் எல்லாவற்றையும் பரிசோதிக்க முடியாது. பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பட்டினி போட்டோ, போரின் நடுவே நிறுத்தியோ விளைவை அளப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. எனவே மனித வாழ்வின் மிக முக்கியமான வினாக்கள் பலவற்றில் தொடர்பாய்வையே நாம் நம்பியிருக்க வேண்டியுள்ளது. அதனாலேயே அதன் எல்லையை அறிந்திருப்பது அவசியமாகின்றது.

3. குதிரை கற்பித்த பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும் புகழ் பெற்றிருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான அதன் சொந்தக்காரர் கேட்கும் கணக்குகளுக்கு அது குளம்பினால் நிலத்தைத் தட்டி விடை கூறியது. 1904 இல் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, இதில் ஏமாற்று எதுவுமில்லை என்று அறிவித்தது. சொந்தக்காரர் இல்லாதபோதும் குதிரை சரியான விடையளித்ததே இதற்குச் சான்றாயிற்று.

ஒஸ்கார் புங்ஸ்ட் என்னும் இளம் ஆய்வாளர் இதனை வேறுவிதமாக அணுகினார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதவாறு அவர் சில கேள்விகளை அமைத்தார், குதிரை தோற்றது. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதவாறு மறைத்தார், அப்போதும் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேட்பவரின் தலையிலும் உடலிலும் ஏற்படும் மிகச் சிறிய அசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது என்பதை 1907 இல் வெளியான அவரது நூல் நிறுவியது. கேட்டவர் எவரும் தாம் அசைந்ததை உணர்ந்திருக்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது.

இப்பாடம் குதிரைகளோடு நின்றுவிடவில்லை. 1963 இல் வெளியான ரொபர்ட் ரோசென்தால், கெர்மிட் போட் ஆகியோரின் ஆய்வில், ஒரே இயல்புடைய எலிகள் மாணவ ஆய்வாளர்களிடையே எழுமாற்றாகப் பகிரப்பட்டன. சிலருக்கு அவர்களின் எலிகள் கெட்டிக்கார எலிகள் என்றும், ஏனையோருக்கு மந்தமான எலிகள் என்றும் கூறப்பட்டது. கெட்டிக்காரர் எனப் பெயரிடப்பட்ட எலிகளே சிக்கற்பாதையைக் கற்பதில் சிறந்த பெறுபேற்றைக் காட்டின. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு எலியின் நடத்தையிலேயே பதிவாகும் எனின், ஆசிரியரின் கண்ணை நோக்கியவாறு விடையளிக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அளப்பவரும் அளக்கப்படுபவரும் எவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என அறியாதிருக்கும் வண்ணம் ஆய்வுகள் அமைக்கப்படுவது இக்காரணத்தினாலேயாகும். ஆய்வாளரின் நேர்மையில் ஐயங்கொண்டு இவ்வொழுங்கு ஏற்படுத்தப்படவில்லை. நேர்மையானவரும் தம்மை அறியாமலே தவறக்கூடும் என்ற அறிவே இதற்கு அடிப்படை.

4. எண்களின் வகைகள்

எல்லா எண்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946 இல் அளவுத்திட்டங்களை நான்காக வகுத்தார். பேருந்தின் வழி இலக்கம் போன்று பெயருக்குப் பதிலாக நிற்பது பெயரளவுத் திட்டம். ஓட்டப்போட்டியில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்பது வரிசைத் திட்டம். முதல்வருக்கும் இரண்டாமவருக்குமிடையில் எவ்வளவு தூரம் என்பதை இது கூறாது. செல்சியஸ் வெப்பமானியில் இடைவெளிகள் சமமானவை. ஆனால் அதன் பூச்சியம் வெப்பமேயில்லாத நிலையைக் குறிக்காமையால் 40 பாகை 20 பாகையைப் போல இருமடங்கு வெப்பமெனக் கூற முடியாது. இது இடைவெளித் திட்டம். நீளம், நிறை போன்று உண்மையான பூச்சியமுடையது விகிதத் திட்டம்.

உளவியல் அளவீடுகளிற் பெரும்பாலானவை வரிசைத் திட்டத்துக்கும் இடைவெளித் திட்டத்துக்கும் நடுவே நிற்பவை. நுண்மதி ஈவு 140 பெற்றவர் 70 பெற்றவரைப் போல இருமடங்கு நுண்மதியுடையவர் என்பது பொருளற்ற கூற்றாகும். நுண்மதியின் பூச்சியம் எதுவென எவரும் அறியார். ரென்சிஸ் லைக்கேர்ட் 1932 இல் அறிமுகப்படுத்திய முறையில், முற்றாக உடன்படுகிறேன் என்பது முதல் முற்றாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து தெரிவுகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு 5 முதல் 1 வரை எண்ணிட்டு நாம் கூட்டுகிறோம், இடை காண்கிறோம். இத்தெரிவுகளின் இடைவெளிகள் சமமானவை என்ற எடுகோள் அக்கூட்டலினுள்ளே மறைந்திருப்பதை மறந்துவிடுகிறோம்.

5. நம்பகமும் ஏற்புடைமையும்

ஓர் அளவுகோலிடம் நாம் இரு வினாக்களைக் கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் அளந்தால் அது ஏறத்தாழ ஒரே விடையைத் தருமா? இது நம்பகம் பற்றிய வினா. எதனை அளப்பதாகக் கூறுகின்றதோ அதனையே அளக்கின்றதா? இது ஏற்புடைமை பற்றிய வினா. எப்போதும் ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும் கடைத் தராசு நம்பகமானது. ஏனெனில் அது மாறாது அதே தவறைச் செய்கின்றது. ஆயின் அதனிடம் ஏற்புடைமை இல்லை. நம்பகமற்ற கருவி ஏற்புடையதாக இருக்க முடியாது; நம்பகமான கருவியோ ஏற்புடையதாயும் ஏற்பில்லாததாயும் இருக்கலாம்.

நம்பகத்தைக் கணிப்பது ஒப்பளவில் எளிது. அதே சோதனையைச் சிறிது காலத்தின் பின் மீண்டும் நடத்தி இரு தொகுதிப் புள்ளிகளுக்குமிடையிலான தொடர்பைக் காணலாம். அல்லது சோதனையை இரு பாதிகளாகப் பிரித்து ஒப்பிடலாம். எந்தச் சோதனையிலும் வழு ஓரளவு இருந்தே தீரும். எனவே ஒருவர் பெற்ற 85 என்ற புள்ளியை ஒரு தனிப்புள்ளியாகக் கொள்ளாது, அதனைச் சூழ்ந்த ஒரு வீச்சாகவே கொள்ளவேண்டும். 84 பெற்றவரைப் புறத்தே நிறுத்தி 85 பெற்றவரை உள்ளே விடும் எல்லைக்கோடு நிருவாகத்தின் தேவையே அன்றி, அளவீட்டின் கண்டுபிடிப்பன்று.

ஏற்புடைமையை நிறுவுவது கடினமானது. நீண்ட வசனங்களில் அமைந்த கணக்கை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளை கணிதத்தில் தவறும்போது, அங்கு அளக்கப்பட்டது கணிதத் திறனா, வாசிப்புத் திறனா? சோதனையின் உள்ளடக்கம் பாடப்பரப்பைப் பிரதிபலிக்கின்றதா, அதன் புள்ளி பிற்காலச் செயற்பாட்டை எதிர்வுகூறுகின்றதா என்று பார்ப்பதோடு விடயம் முடிவடைவதில்லை. நுண்மதி, பதகளிப்பு போன்ற எண்ணக்கருக்களைக் கண்ணால் காண முடியாது. எனவே அத்தகைய எண்ணக்கரு ஒன்று உண்மையாயின் எவை எவற்றோடு தொடர்புற வேண்டும், எவற்றோடு தொடர்புறக் கூடாது என முன்கூட்டியே கருதுகோள் வகுத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டுமென லீ குரொன்பாக், போல் மீல் ஆகியோர் 1955 இல் எடுத்துக்காட்டினர். இதன்படி ஏற்புடைமை என்பது ஒரு முறை பெற்று என்றும் வைத்திருக்கும் சான்றிதழ் ஆகாது. ஒரு நோக்கத்துக்கு, ஒரு மக்கட்கூட்டத்துக்கு ஏற்புடைய சோதனை வேறொரு நோக்கத்துக்கும் வேறொரு கூட்டத்துக்கும் ஏற்பற்றதாகலாம். இதனைப் புறக்கணித்ததன் விளைவை நுண்மதிச் சோதனையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

6. பினேயின் அளவுகோலுக்கு நேர்ந்த கதி

சாதாரண வகுப்பில் கற்க இடர்ப்படும் பிள்ளைகளை இனங்காண்பதற்கு வழிகாணுமாறு பிரெஞ்சு அரசு 1904 இல் ஒரு குழுவை நியமித்தது. அதில் அங்கம் வகித்த அல்பிரெட் பினே, தியோடர் சிமோனுடன் இணைந்து 1905 இல் முப்பது செயல்களைக் கொண்ட அளவுகோலொன்றை ஆக்கினார். எளியதிலிருந்து கடியது வரை அவை ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன. பிள்ளைக்கு எத்தகைய உதவி தேவை என்பதை அறிவதே பினேயின் நோக்கமாக இருந்தது. நுண்மதி மாற்ற முடியாத ஒரு நிலையான அளவு என்ற கருத்தை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

அவர் 1911 இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் வில்லியம் ஸ்டேர்ன், உள வயதை உண்மை வயதால் வகுத்து ஒரே எண்ணாகத் தரலாமென்றார். 1916 இல் லூயிஸ் டேர்மன் அதனை நூறால் பெருக்கி ஐக்கிய அமெரிக்காவில் பரப்பினார். உதவிக்கான வழிகாட்டியாகத் தோன்றிய கருவி, மனிதரை வரிசைப்படுத்தும் ஒற்றை எண்ணாக மாறியது.

முதலாம் உலகப் போரின்போது 1917 இலும் 1918 இலும் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தோருக்கு ஒரு சோதனை. தெரியாதோருக்குப் படங்களைக் கொண்ட இன்னொரு சோதனை. முதலாவதில் அமெரிக்க வணிகப் பொருள்களையும் விளையாட்டுகளையும் பற்றிய வினாக்கள் இருந்தன. இரண்டாவதில், வலையில்லாத டெனிஸ் மைதானத்தின் படத்தைக் காட்டி விடுபட்டது எதுவெனக் கேட்கப்பட்டது. இத்தாலிய, போலந்துக் கிராமங்களிலிருந்து அண்மையில் வந்திருந்த ஒருவர் வாழ்க்கையில் டெனிஸ் மைதானத்தைக் கண்டிருக்கவே நியாயமில்லை. அமெரிக்காவில் கூடிய காலம் வாழ்ந்த குடியேறிகள் கூடிய புள்ளி பெற்றிருந்தமையும் தரவுகளிலேயே புலப்பட்டது. சோதனை அமெரிக்க வாழ்க்கையுடனான பழக்கத்தையே அளக்கின்றது என்பது இதற்குரிய நேரடியான விளக்கமாகும். ஆயின் கார்ல் பிரிகம் 1923 இல் எழுதிய நூலில், முற்காலத்தில் வந்தோர் உயர்ந்த இனத்தவர், பிற்காலத்தில் வந்தோர் தாழ்ந்த இனத்தவர் என விளக்கமளித்தார். 1924 இல் தென் ஐரோப்பியரினதும் கிழக்கு ஐரோப்பியரினதும் வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் குடிவரவுச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அதில் இச்சோதனைகளின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இத்தகைய எண்கள் அக்காலத்தின் இன வெறுப்புக்கு விஞ்ஞான ஆடை அணிவித்தன என்பதில் ஐயமில்லை. 1930 இல் பிரிகம் தமது முடிவுகள் ஆதாரமற்றவை என்று தாமே அறிவித்து அவற்றை மீளப்பெற்றார். சட்டமோ பல்லாண்டுகள் நிலைத்தது.

பிரித்தானியாவில் வேறொரு கதை நிகழ்ந்தது. தனித்தனியே வளர்க்கப்பட்ட ஒத்த இரட்டையரின் நுண்மதி பற்றி சேர் சிரில் பேர்ட் வெளியிட்ட தரவுகள், நுண்மதி பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுகின்றது என்பதற்குப் பெருஞ்சான்றாகக் கொள்ளப்பட்டன. 1955 இல் 21 சோடி இரட்டையருக்கு அவர் தந்த தொடர்புக் குணகம் 0.771. 1966 இல் சோடிகள் 53 ஆக உயர்ந்தபோதும் அது 0.771 ஆகவே இருந்தது. மாதிரி இருமடங்குக்கு மேலாகப் பெருகியும் மூன்றாம் தசமதானம்வரை மாறாத எண் இயல்பானதன்று என்பதை லியோன் காமின் 1974 இல் சுட்டிக்காட்டினார். 1979 இல் பேர்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹேர்ன்ஷோ, தரவுகளின் ஒரு பகுதி புனையப்பட்டதென்றே முடிவுசெய்தார். பின்னர் பேர்டுக்கு ஆதரவாகவும் நூல்கள் எழுந்தன. ஆயினும் அவ்வெண்கள் ஆய்வுச் சான்றென்ற தகுதியை இழந்துவிட்டன. பதினொரு வயதிலே பிள்ளைகளை வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பிய கல்விமுறைக்கு இத்தகைய கருத்துகள் துணைநின்ற காலத்தில், அவ்வட்டவணைகளைக் கவனமாக வாசித்துக் கேள்வி எழுப்பியோர் எத்தனை பேர் என்ற வினா இன்றும் எம்மை உறுத்துகின்றது.

7. மொழியும் பண்பாடும்

சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931 இலும் 1932 இலும் உஸ்பெக்கிஸ்தானில் ஆய்வு நடத்தினார். பனி மூடிய தொலை வடக்கிலுள்ள கரடிகள் வெண்ணிறமானவை, குறித்த ஓர் ஊர் தொலை வடக்கில் உள்ளது, ஆகவே அங்கு கரடிகள் என்ன நிறம் என்ற வகையிலான வினாக்கள் எழுத்தறிவற்ற விவசாயிகளிடம் கேட்கப்பட்டன. தாம் அங்கு சென்றதில்லை, சென்று பார்த்தவரையே கேட்க வேண்டும் என்ற முறையில் பலர் விடையளித்தனர். சிறிது காலம் கல்வி பெற்றோரோ எளிதாக எதிர்பார்த்த விடையைக் கூறினர். முன்னவரின் விடையை அறிவின்மை எனக் கொள்வது தவறு. காணாததைப் பற்றிச் சான்று கூறாதிருப்பது அவர்களின் வாழ்க்கையில் ஓர் ஒழுக்கமாகும். வினாவின் எல்லைக்குள் மட்டும் நின்று விடையளித்தல் என்பது பாடசாலை கற்பிக்கும் ஒரு பழக்கம். சோதனை அதனை முன்னமே எதிர்பார்க்கின்றது. இதனோடு, பதினான்கு நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஜேம்ஸ் பிளின் 1987 இல் காட்டிய உண்மையையும் சேர்த்து நோக்கலாம். ஒரு தலைமுறைக் காலத்திலேயே நுண்மதிச் சோதனைப் புள்ளிகள் 5 முதல் 25 வரை உயர்ந்திருந்தன. மனிதரின் பரம்பரையலகுகள் இவ்வளவு விரைவில் மாறுவதில்லை. மாறியவை வாழ்நிலையும் கல்வியுமே.

எமது நாட்டிற் போரினதும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையினதும் பின்னர், வேறு நாடுகளில் ஆக்கப்பட்ட மனநல வினாக்கொத்துகள் மொழிபெயர்க்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டன. இங்கு மொழிபெயர்ப்பாளரே அளவீட்டாளராகவும் ஆகிவிடுகிறார். எமது மக்களின் பேச்சில் யோசனை என்பது சிந்தனையை மட்டுமன்றிக் கவலையையும் குறிக்கும். ஒரு தாயிடம், ‘அதிகம் யோசிக்கிறீர்களா?’ என்று கேட்டால் எந்தப் பொருளில் அவர் விடையளிப்பார்? துயரத்தை, ‘நெஞ்சு பாரமாய்க் கிடக்குது’, ‘தலையிடி மாறுதில்லை’ என உடலின் மொழியிற் கூறுவோர் பலர். மனநிலை பற்றி மட்டும் கேட்கும் வினாக்கொத்து அவர்களைத் துயரமற்றவர்களாகக் கணிக்கும். அல்லது உடல் நோயின் முறைப்பாடு மனநோயாகக் கணிக்கப்படும். தமிழாக்கத்தை வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவது பயனுள்ள முதற்படி. ஆயின் அது சொற்களையே சரிபார்க்கும். இங்குள்ள மருத்துவரின் நேரடி மதிப்பீட்டோடு ஒப்பிட்டு, இங்குள்ள மக்களிடமிருந்தே நியமங்களைப் பெற்ற பின்னரே அவ்வினாக்கொத்து அளவுகோல் என்ற பெயருக்கு உரியதாகும்.

8. பரீட்சைப் புள்ளியும் நியமப்படுத்தலும்

கல்வி அடைவுச் சோதனையும் உளவியல் அளவீட்டின் ஒரு கிளையே. 60 புள்ளி என்பது தனித்து நின்று எதனையும் கூறாது. ஒரு பாடத்தில் இடை 40, நியம விலகல் 10 எனின், 60 பெற்றவர் இடையிலிருந்து இரண்டு நியம விலகல் மேலே நிற்கிறார். அவரது நியமப் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் இடை 60, நியம விலகல் 15 எனின், 75 பெற்றவரின் நியமப் புள்ளி 1. புள்ளியிற் குறைந்தவரே தம் குழுவில் உயர்ந்து நிற்கிறார். இலங்கையில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி இதுவேயாகும். இதன் கணிதம் எளியது. இது தாங்கி நிற்கும் எடுகோளோ பெரியது: ஒப்பிடப்படும் குழுக்கள் திறமையில் ஏறத்தாழச் சமமானவை, புள்ளிகளில் தோன்றும் வேறுபாடு வினாத்தாளினால் அல்லது திருத்துவோரால் ஏற்பட்டது என்பதே அவ்வெடுகோள்.

1973 ஆம் ஆண்டு அனுமதியின்போது மொழிமூல அடிப்படையிற் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. இதனால் எமது சமூகத்தில் ஏற்பட்ட ஆறாத மனக்குறையின் அரசியல் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அளவீட்டு நோக்கில் நாம் கேட்கவேண்டிய வினா வேறு. இரு மொழிமூலங்களிடையே புள்ளிகள் வேறுபட்டிருந்தால், அது திருத்துவோரின் தாராளத்தாலா, வினாத்தாளின் கடினத்தாலா, பாடசாலைகளின் தரத்தாலா, மாணவரின் ஆயத்தத்தாலா? இவை சோதித்தறியக்கூடிய கருதுகோள்கள். இரு மொழிகளும் அறிந்த திருத்துநரைக் கொண்டு எழுமாற்றாகத் தெரிந்த விடைத்தாள்களை மீளத் திருத்துவது ஒரு வழி. சமன்பாடோ அவற்றுள் ஒரு விடையைச் சோதியாமலே தன்னுள் அடக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டில் வந்த மாவட்ட ஒதுக்கீடு இதிலிருந்து வேறுபட்டது. வசதி குறைந்த மாவட்டத்தின் மாணவருக்குப் பங்களிப்பதா என்பது நீதியும் பங்கீடும் பற்றிய வினா. அதனை அவ்வாறே வெளிப்படையாக விவாதிக்கலாம். பங்கீட்டைப் பற்றிய தீர்மானமொன்றை அளவீட்டுத் திருத்தம் என்ற பெயரில் மறைப்பதே குற்றமாகும்.

2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் இவ்வினா மீண்டும் வேறு வடிவில் எழுந்தது. பழைய பாடத்திட்டத்தினருக்கும் புதிய பாடத்திட்டத்தினருக்கும் வெவ்வேறு வினாத்தாள்கள் வழங்கப்பட்டன. ஆயினும் இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. இதன் விளைவைக் கற்பனை எண்களால் காட்டலாம். சம எண்ணிக்கையான இரு குழுக்களில், புதிய குழுவின் இடை 50, பழைய குழுவின் இடை 40, இரண்டினதும் நியம விலகல் 10 எனக் கொள்வோம். புதியதில் 60 பெற்றவரும் பழையதில் 50 பெற்றவரும் தத்தம் குழுவில் +1 நிலையில் நிற்கின்றனர். ஒன்றாகச் சேர்த்தாலோ இடை 45 ஆகவும் நியம விலகல் ஏறத்தாழ 11.2 ஆகவும் அமைய, முன்னவர் +1.34 ஐயும் பின்னவர் +0.45 ஐயும் பெறுவர். கடினமான வினாத்தாளுக்கு விடையெழுதியவரே தண்டிக்கப்படுகிறார். 2012 இல் உயர் நீதிமன்றம் இக்கணிப்பை நிராகரித்து, இரு தொகுதியினரையும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. புள்ளிவிபரவியலின் அடிப்படைப் பாடமொன்றுக்காக மாணவர் நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தமை, இவ்வறிவு நிபுணருக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது என்பதை உணர்த்துகின்றது.

9. முடிவுரை

இவற்றைக் கொண்டு உளவியல் அளவீட்டை முற்றாக நிராகரிக்க வேண்டுமென நாம் கூறவில்லை. குதிரையின் மர்மத்தை வெளிப்படுத்தியது உளவியல் ஆய்வுமுறையே. பேர்டின் எண்களைக் கேள்விக்குள்ளாக்கியதும் எண்களைக் கவனமாக வாசித்த உளவியலாளரே. 2015 இல் நூறு உளவியல் ஆய்வுகளை மீள நடத்திப் பார்த்த ஆய்வாளர் குழுவொன்று, மூலத்தில் அவற்றின் 97 சதவீதம் புள்ளிவிபரப் பொருண்மையுள்ள முடிவைத் தந்திருக்க, மீளாய்வில் 36 சதவீதமே அவ்வாறு தந்தன என்பதை உலகறிய வெளியிட்டது. தன் தவறைத் தானே அளந்து அறிவிக்கும் துறையை நாம் இகழ வேண்டியதில்லை.

அளவீட்டைக் கைவிட்டால் அதன் இடத்தில் நீதி வந்து அமர்ந்துவிடாது. அறிமுகமும் செல்வாக்கும் பரிந்துரைக் கடிதமுமே வந்து அமரும். எனவே வேண்டப்படுவது கூடிய விழிப்பாகும். எண்ணொன்று எம்முன் வைக்கப்படும்போது, அது எதனை அளக்கின்றது, எவரைக் கொண்டு நியமப்படுத்தப்பட்டது, அதன் வழு எவ்வளவு, வேறு விளக்கங்கள் விலக்கப்பட்டனவா, இவ்வெண்ணால் எவர் வாழ்வு தீர்மானிக்கப்படுகின்றது என்று நாம் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களைத் தமிழிலே, எமது ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் விளங்கிக் கேட்கத்தக்க வகையில் பரப்புவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகத்தின் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம்.